வாயு போகும் வழி

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கின்றேன். "இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்" என்ற சொற்றொடரை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "சம்பவ இடத்திலிருந்து வெற்று ரவைக்கோதுகள் மீட்கப்பட்டன" என்ற வாக்கியமும் அத்தகையதே. ரி-56 என்று பொலிஸ் தரப்பு சொன்னால் ரி-56 என்று எழுதினோம். ஆனால், ஒரு ரவை வெளியேறிய மறுகணமே அடுத்த ரவை எவ்வாறு தானாகவே அறைக்குள் வந்து சேருகின்றது என்று எவராவது என்னிடம் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். இது ஒரு பத்திரிகையாளனுக்குப் பெருமை தரும் வாக்குமூலமல்ல.

அந்த அறியாமை சென்ற வருடம்தான் ஓரளவு நீங்கியது. அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்ரன் நகருக்கு வெளியே வசிக்கும் என் அக்காவின் மகனிடம் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். மருமகன் எண்ணெய்த்துறையில் இயந்திரப் பொறியியலாளர். அமுக்கம், குழாய், வால்வு இவற்றோடுதான் அவனுடைய பகல்பொழுது கழிகிறது. மாலையில் கராஜில் அவனுக்கு வேறொரு உலகம். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் என்னை அங்கே அழைத்துச் சென்று மேசையைக் காட்டினான். ஏஆர்-15 வகைத் துப்பாக்கியொன்றின் கீழ்ப்பகுதியும், அதன்மேல் பூட்டக்கூடிய இரண்டு மேற்பகுதிகளும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் குழல் பத்து அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஒன்று அவனுடையது, மற்றையது நண்பனிடம் இரவல் வாங்கியது.

"மாமா, நீங்கள் யுத்தத்தைப் பாத்த ஆள். இது பிஸ்டன், இது நேரடி வாயு. எதை வைச்சிருக்கிறது நல்லம் எண்டு நினைக்கிறியள்?"

யுத்தத்தைப் பார்த்தவனுக்குத் துப்பாக்கி தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்துவிட்டான். துப்பாக்கியின் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதை அவன் யோசிக்கவில்லை. "எனக்குத் தெரியாது தம்பி. நீ முதலில் எனக்கு விளங்கப்படுத்து" என்றேன். அதிலிருந்து மூன்று வாரங்களும் இதே கதைதான். நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைபிளை ஒருவர் விரும்பியவாறு வைத்திருக்க முடியாது. 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகருவிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசிடம் அதைப் பதிவுசெய்ய வேண்டும். கைவிரல் அடையாளமும் புகைப்படமும் கொடுக்கவேண்டும். 200 டொலர் வரியும் இருந்தது. 2025இல் நிறைவேறிய சட்டமொன்றினால் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூச்சியமாக்கப்பட்டது. பதிவு மாத்திரம் தொடர்கின்றது. மருமகன் அதற்கு முன்னரே வரியைக் கட்டிவிட்டான். அந்த 200 டொலர் பற்றிய கவலை அவனுக்கு இன்னமும் தீரவில்லை.

இனி இயந்திரம். எங்கள் தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிப் பூட்டும்போது ஐயாவுக்கு விளக்குப் பிடிப்பவன் நான். பாடசாலையில் 'முசலம்' என்று படித்ததைப் பட்டறையில் பிஸ்டன் என்றார்கள். உள்ளே எரிவது விரிகிறது, விரிவது தள்ளுகிறது, தள்ளுவது வேலை செய்கிறது. தானாக மீளநிரப்பும் துப்பாக்கியும் அடிப்படையில் அதே இயந்திரந்தான். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு சன்னத்தைக் குழல்வழியே தள்ளிக்கொண்டு போகும்போது, வழியிலுள்ள சிறு துளையொன்றினூடாக அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பங்குதான் பின்னால் பூட்டியிருக்கும் போல்ட்டைத் திறந்து, வெற்றுக்கோதை இழுத்து வெளியே வீசி, அடுத்த ரவையை ஏற்றுகின்றது. எடுத்த வாயுவை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

பிஸ்டன் முறையில் வாயு முன்பக்கத்திலேயே ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு பின்னால் வந்து, போல்ட்டைக் காவிச் செல்லும் பாகத்தை இடிக்கிறது. வாயு தன் வேலை முடிந்ததும் முன்பக்கத்திலேயே வெளியேறிவிடும். ஏகே-47இல் அந்தத் தண்டு போல்ட் காவியுடனேயே பொருத்தப்பட்டு முழுத்தூரமும் சேர்ந்து பயணிக்கும். அதன் சீனப் பிரதிதான் நாமறிந்த ரி-56. 1987இல் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சுமந்து திரிந்த நீளமான எஸ்எல்ஆர் ரைபிளிலும் பிஸ்டன்தான். ஆனால், அதில் தண்டு ஒரு குட்டு வைத்துவிட்டு நின்றுவிடும். அந்தத் துப்பாக்கியின் நீளத்தை மட்டுமே அன்று நாங்கள் கண்டோம்.

மற்றைய வழி அமெரிக்கரான யூஜின் ஸ்ரோனருடையது. ஆர்மாலைற் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1950களில் அந்தத் தண்டையே அகற்றிவிட்டார். அதற்குப் பதிலாக மெல்லிய உருக்குக் குழாயொன்று, அவ்வளவுதான். வாயு அக்குழாய் வழியே நேராகப் பின்னால் வந்து போல்ட் காவியின் உள்ளே நுழைகிறது. அங்கே போல்ட்டே பிஸ்டனாகவும் காவியே உருளையாகவும் செயற்படுகின்றன. ஆகவே, இதை 'நேரடி வாயு' என்று அழைப்பது சரியல்ல என்று வாதிடுபவர்களும் உண்டு. 1942இல் வந்த சுவீடனின் யுங்மான் ரைபிளில் வாயு காவியை வெறுமனே ஊதித் தள்ளியது. அதுதான் உண்மையான நேரடி முறை என்பது அவர்கள் கட்சி. பெயர் எதுவாயினும் ஸ்ரோனரின் முறை இலேசானது. தள்ளுவிசை குழலின் நேர்கோட்டிலேயே அமைவதால் கை ஆடாது. குறி நன்றாக விழும். அதற்கான விலை, சூடும் கரியும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே வந்து சேருவதுதான்.

இந்த விலை எவ்வளவு என்பது வியட்நாமில் தெரியவந்தது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையினரின் எம்16 ரைபிள்கள் சண்டையின் நடுவே அடைத்துக்கொண்டன. வெற்றுக்கோது அறைக்குள்ளே சிக்கி வரமறுத்தது. துப்பரவு செய்யும் தண்டைக் குழல்முனையால் செலுத்திக் கோதை இடித்துத் தள்ளவேண்டியிருந்தது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வது எப்படி? வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் வாயிலாகச் செய்தி பரவி, நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான உபகுழு 1967 ஒக்ரோபரில் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி பரீட்சிக்கப்பட்டபோது பயன்படுத்திய வெடிமருந்து ஒன்று, பின்னர் வழங்கப்பட்டது வேறொன்று. புதிய மருந்து கூடுதலான கரியை விட்டதுடன் சுடும் வேகத்தையும் அதிகரித்தது. ரவை அறைக்குக் குரோமியப் பூச்சு இருக்கவில்லை. துப்பரவு செய்யும் உபகரணங்கள் போதியளவு அனுப்பப்படவில்லை. இவற்றைத் திருத்திய பின்னர் அதே துப்பாக்கி, அதே வாயுக்குழாயுடன், பல தசாப்தங்கள் ஓடியது.

இதை மருமகன் சொன்னபோது, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. எம்டி-90 மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை கக்கியது. பிளக் கரி பிடித்தது. வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்த்தோம். "இது என்ன சைக்கிள்?" என்று எத்தனையோ தடவைகள் ஏசியிருக்கிறோம். பிழை சைக்கிளிலா இருந்தது? பெற்றோலுக்கென்று வடிவமைத்த ஒன்றுக்கு வேறொன்றை ஊற்றினால் அது என்ன செய்யும்? ஒரு வேறுபாடு உண்டு. சைக்கிள் நின்றால் நாங்கள் இறங்கித் தள்ளினோம். வியட்நாமில் நின்றுபோன துப்பாக்கியை வைத்திருந்தவன் எங்கே இறங்குவது?

இனிக் குறுங்குழலின் கதைக்கு வருகிறேன். மருமகனின் தடுமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கின்றது.

எம்16இன் குழல் 20 அங்குலம். வாயுத்துளை ஏறத்தாழ 13ஆவது அங்குலத்தில் உள்ளது. சன்னம் துளையைத் தாண்டிய பின்னரும் 7 அங்குலம் குழலுக்குள்ளேயே பயணிக்கிறது. அதுவரை பின்னாலுள்ள வாயு அடைபட்டு நின்று குழாய்க்குள் தள்ளப்படும். சன்னம் வெளியேறியதும் அமுக்கம் விழுந்துவிடும். அந்த இடைக்காலந்தான் இயந்திரத்தின் சம்பளம். குழலைப் பத்துச் சொச்ச அங்குலமாக வெட்டும்போது துளையையும் பின்னுக்கு, ஏழரை அங்குலமளவில், கொண்டுவருகிறார்கள். துளைக்கு அப்பால் எஞ்சுவது மூன்று அங்குலத்துக்கும் குறைவு. சன்னம் அதைக் கடக்க எடுக்கும் நேரம் விநாடியின் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நேரம் போதாதென்பதால் துளையைப் பெரிதாக்க வேண்டும். துளை பின்னுக்கு வந்தமையால் அங்கே வாயுவின் அமுக்கமும் சூடும் ஏற்கனவே அதிகம். பெரிய துளையும் பெரிய அமுக்கமும் சேர்ந்தால் போல்ட் அவசரப்படுகிறது. கோது இன்னமும் உப்பி, அறைச்சுவரோடு ஒட்டியிருக்கும்போதே அதை இழுக்க முற்படுகிறது. கோதை இழுக்கும் கொளுக்கி நழுவும், அல்லது கோதின் விளிம்பு கிழியும். போல்ட்டின் பற்களும் விரைவில் வெடிக்கும். துளை சிறிதானால் எதிர்மாறான வருத்தம்: போல்ட் முழுத்தூரம் பின்னால் போகாமலே திரும்பிவரும்.

"மாமா, குழலை வெட்டினால் நீளத்தை மட்டும் வெட்டுறேல்லை, நேரத்தையும் வெட்டுறம்" என்றான். அந்தச் சிறிய துப்பாக்கியின் எல்லாப் பிரச்சினைகளும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம்.

பிஸ்டன்காரர்களுக்கும் இதிலிருந்து தப்பமுடியாது. சோவியத் ஒன்றியம் 1979இல் ஏற்றுக்கொண்ட ஏகேஎஸ்-74யூ என்ற குட்டித் துப்பாக்கியின் குழல் எட்டங்குலமளவே. பிஸ்டனைத் தள்ளப் போதிய வாயு கிடைக்கும்பொருட்டு அதன் குழல்முனையில் வாயுவைச் சற்றுத் தடுத்து நிறுத்தும் தடித்த அறையொன்றை வைக்கவேண்டியிருந்தது. அமெரிக்கர்களும் வியட்நாம் காலத்திலேயே 10, 11.5 அங்குலக் குழல்களுடன் எக்ஸ்எம்177 என்ற குறுந்துப்பாக்கியைச் செய்து பார்த்தார்கள். பின்னாளில் கடற்படையினருக்காக 10.3 அங்குலக் குழலுடன் எம்கே18 வந்தது. அதில் வாயுக்குழாயை மாற்றவில்லை. துளையின் அளவு, கொளுக்கியின் வில், பின்னாலுள்ள எடை என்பவற்றைத் திருத்தித் திருத்தியே ஓடவைத்தார்கள்.

ஜேர்மனியின் ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனம் வேறு வழியை எடுத்தது. ஸ்ரோனரின் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, குழாயைக் கழற்றி, தங்களுடைய ஜி36 ரைபிளிலிருந்த குறுவீச்சுப் பிஸ்டனைப் பொருத்தினார்கள். அதுதான் எச்கே416. நோர்வே 2007இலும் பிரான்ஸ் 2016இலும் அதைத் தெரிவுசெய்தன.

"அப்பிடியெண்டால் பிஸ்டன்தானே வெண்டது?" என்றேன். "அவ்வளவு லேசில்லை" என்று அமெரிக்க இராணுவத்தின் 2007ஆம் ஆண்டுத் தூசிப் பரிசோதனையை எடுத்தான். ஒவ்வொரு வகையிலும் பத்துத் துப்பாக்கிகள், வகைக்கு 60,000 ரவைகள். வாயுக்குழாயுள்ள எம்4 882 தடவைகள் தடங்கியது. எச்கே416 233. ஸ்கார் 226. எக்ஸ்எம்8 127. பின்னைய மூன்றும் பிஸ்டன். தீர்ப்பு முடிந்ததுபோல் தெரிகிறதல்லவா? ஆனால், அதே வருடத்தில் முன்னர் நடந்த அதே விதமான பரிசோதனையில் எம்4 தடங்கியது 307 தடவைகள்தான். அதே துப்பாக்கி, அதே தூசி, இரண்டு எண்கள். செய்தியாசிரியனாக இருந்தால் எந்த எண்ணைத் தலைப்பில் போட்டிருப்பேன் என்று யோசித்தேன். சந்தேகமேயில்லை, 882தான்.

அடுத்த வருடம், 2008 ஜூலை 13, ஆப்கானிஸ்தானின் வனாற் கிராமத்தில் நடந்த சண்டையில் ஒன்பது அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். சிலரின் எம்4 துப்பாக்கிகள் சண்டையின் நடுவே செயலிழந்ததாகத் தப்பியவர்கள் கூறினர். பிஸ்டன் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்ற விவாதம் எழுந்தது. இடைவிடாது சுட்டால் எந்தக் குழலும் கொதிக்கும். அதற்குப் பிஸ்டன் மருந்தல்ல. ஆனாலும் பிள்ளையை இழந்த ஒரு தகப்பனுக்கு இதை எப்படிச் சொல்வது?

இரண்டாம் வாரம் சுடுதளத்துக்குப் போனோம். மருமகன் இரண்டு மேற்பகுதிகளையும் மாற்றிமாற்றிப் பூட்டிச் சுட்டான். என்னையும் சுடச் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். வாழ்க்கையில் தொட்டதில்லை, இனியும் வேண்டாமென்று இருந்தது. பின்னால் நின்று கோதுகளைப் பொறுக்கினேன். பழக்கதோஷம். குழாயிலிருந்து வந்த கோதுகளின் விளிம்பில் கொளுக்கியின் காயம் ஆழமாயிருந்தது. சத்தம் குறைக்கும் குழாயை முனையில் பூட்டியதும் காயம் இன்னும் மோசமாயிற்று. வாயு முன்னால் போக வழியின்றிப் பின்னால் திரும்பி அவனுடைய முகத்திலும் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிஸ்டனில் அது வெகுவாகக் குறைவு. போல்ட்டைக் கழற்றிக் கையில் தந்தான். கரி இல்லை, கைபொறுக்கும் சூடு. ஆனால், துப்பாக்கியின் முன்புறம் பாரம். தண்டு மேற்பக்கமாகக் காவியை இடிப்பதால் காவியின் பின்புறம் கீழே சாய்ந்து உராய்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அதற்கு ஈடுசெய்திருக்கிறார்கள். பிஸ்டனின் பாகங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒன்று உடைந்தால் அந்தக் கம்பனியைத்தான் தேடிப்போக வேண்டும். குழாய்முறைக்கு எம்டி-90 போல எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும்.

வீடு திரும்பும் வழியில் அவன் மீண்டும் கேட்டான்: "சொல்லுங்கோ மாமா, எது நம்பகமானது?"

கையில் இன்னமும் சில கோதுகள் இருந்தன. அப்போதுதான் நான் ஒருவரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. உயர்தர வகுப்பு முடித்துவிட்டு நானும் என் வகுப்பு நண்பனும் ரியூசனால் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒழுங்கை முடக்கில் ஆயுதம் தரித்த ஒருவன் மறித்தான். எங்கள் வயதுதான் இருக்கும். எந்தத் தரப்பு என்பதை இங்கே எழுதப்போவதில்லை; அந்நாளில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பல தரப்பினர். நண்பனின் பெயரைக் கேட்டான். நண்பன் சொன்னான். பிழையான பெயர் போலும். துப்பாக்கியை உயர்த்தி ஒரு வெடி வைத்தான். அது மதிலில் பட்டது. இரண்டாவது வெடி வரவில்லை. அவன் கைபிடியை இழுத்தான், அசையவில்லை. துப்பாக்கியை நிலத்தில் ஊன்றிக் காலால் உதைத்தான். நண்பன் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவிட்டான். நான் ஓடவுமில்லை. கால் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், கையிலிருந்ததைப் பார்த்தான், ஏதோ சொல்லி ஏசிவிட்டுப் போய்விட்டான். யாரை ஏசினான் என்று இன்றும் தெரியாது.

அந்த நண்பன் இப்போது கனடாவில் இருக்கிறான். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் வைத்தியர்.

"கோது சிக்கியிருக்கும்" என்றான் மருமகன், வீதியைப் பார்த்தபடி. "ஊத்தை பிடிச்ச அறையாயிருக்கும். அல்லது பழைய ரவை."

"இருக்கலாம்" என்றேன்.

அந்தத் துப்பாக்கி நம்பகமானதாக இருந்திருந்தால் ஒரு வைத்தியர் பிறந்திருக்கமாட்டார். வியட்நாமிலும் வனாற்றிலும் இதே சிக்கிய கோது எத்தனையோ தாய்மாரை அழவைத்திருக்கிறது. இரண்டும் உண்மை. நம்பகம் என்ற சொல்லைக் குழலின் பின்னால் நிற்பவன் ஒருவிதமாகவும் முன்னால் நிற்பவன் வேறுவிதமாகவும் வாசிக்கிறான். நான் முன்னால் நின்ற பக்கத்தவன். ஆகவே, அவனுடைய கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

ஆனாலும் கேட்டவனுக்கு ஏதாவது சொல்லவேண்டுமே. "நீ மாதத்துக்கு இரண்டு தடவை கடதாசிக்குச் சுடுகிறாய். வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் பூசுகிறாய். உனக்குத் தூசியுமில்லை, எதிரியுமில்லை. சத்தம் குறைக்கும் குழாய் எந்நேரமும் பூட்டியிருக்கப் போகிறதென்றால் பிஸ்டன் அதன் பாரத்துக்கும் விலைக்கும் தகும். இல்லையென்றால் உன்னிடமுள்ள குழாயே போதும், துளையின் அளவை மட்டும் சரிபார்" என்றேன். என் அறிவில் இருந்து சொல்லவில்லை. அவன் எனக்குப் படிப்பித்ததைத்தான் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் சிரித்தான். இரவல் வாங்கியதை மறுநாளே நண்பனிடம் கொடுத்துவிட்டு, குழாயுள்ளதையே வைத்துக்கொண்டான்.

அக்கா அவனுடனேயே இருக்கிறா. அந்த வீட்டில் அவ காலடி வைக்காத ஒரே இடம் கராஜ்தான். நாங்கள் சுடுதளத்தால் வந்து இறங்கியபோது வாசலில் நின்றா. மருமகனின் சேட்டிலிருந்து வெடிமருந்து மணம் வந்துகொண்டிருந்தது. அவ அவனை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயுமோடா சுட்டனீ?" என்றா.

"இல்லை அக்கா."

"சரி, முகங்கழுவிப்போட்டு வாங்கோ ரண்டுபேரும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டா.

பொறுக்கிய கோதுகளைக் கராஜிலிருந்த பழைய ரின்னொன்றுக்குள் போட்டுவிட்டுக் கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவைகள் கழுவினேன்.